‘எஸ்’ என்ற ஒரு சொல்

இம்மாதத்து ‘அன்றாட ஆங்கிலம்’ பகுதிக்கு வேறொரு பொருளை எடுத்து வைத்திருந்தேன். பத்மாராவ் நகரில் வசிக்கும் முதிய அம்மையார் ஒருவர் ஸ்கந்தகிரி முருகன் சந்நிதியில் என்னைக் கண்டு சொன்ன செய்தி அதனைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

அவருக்குப் பித்தப்பையில் கல். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். காலையில் மகள் பணம் கட்டுவதற்காகக் கீழே சென்றிருந்த வேளையில் நர்ஸ் ஒருத்தி கையில் தாளுடன் வந்து, ‘யூ ஹாவன்ட் ஈட்டன் எனிதிங், ஹாவ் யூ?’ என்று கேட்டிருக்கிறாள். ‘ஒன்றும் சாப்பிடவில்லை அல்லவா?’ என்பது பொருள். ஏகாதசி தவறாத அம்மையார் முந்திய இரவிலிருந்து ஒரு வாய் தண்ணீரும் அருந்தவில்லை. ஆகவே நிமிர்ந்து உட்கார்ந்து, ‘எஸ்’ என்றார். நர்ஸ் தாளில் ஏதோ எழுதிக்கொண்டு போனாள். சிகிச்சை மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

திரும்பி வந்த மகள், ‘என்னம்மா சாப்பிட்டாய்?’ என்று பதறினாள். ‘பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லையடி!’ என்றார் தாய். மகள் ஓடிச்சென்று விளக்கியபோது அந்த நேரம் வேறொரு நோயாளிக்குப் போய்விட்டது. ‘ஒரு நாள் அறை வாடகை போயிற்று, போகட்டும். என் வாய்ச்சொல்லாலேயே என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டார்களே, அதுதான் ஆறவில்லை’ என்று அவர் சொன்னபோது எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

நேயர்களே, ஒரு நாள் தாமதத்தோடு இது முடிந்தது நல்லூழே. இதனை மறுபுறம் திருப்பிப் பாருங்கள். விடியற்காலையில் மறதியாக ஒரு தம்ளர் காபி குடித்துவிட்ட ஒருவரிடம் இதே கேள்வியைக் கேட்டால், தமிழ் மனம் ‘இல்லை, காபி குடித்தேன்’ என்று எண்ணும். வாய் முதலில் ‘நோ’ என்னும். அதற்குப் பின் வரும் சொற்கள் தயக்கத்தில் தேய்ந்து போகலாம். கேட்பவர் ‘சாப்பிடவில்லை’ என்று குறித்துக்கொள்வார். மயக்க மருந்து கொடுக்கும்போது இரைப்பையில் உணவு இருந்தால் அது மேலெழுந்து மூச்சுக்குழல் வழியே நுரையீரலுக்குள் செல்லக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. வெறும் வயிற்றோடு வரவேண்டுமென்று டாக்டர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. ஒரு சிறு சொல்லின் மேல் எத்தனை பாரம் ஏறியிருக்கிறது, பாருங்கள்!

பிழை யாருடையது? அம்மையாருடையது அன்று என்பதே என் தீர்ப்பு. தமிழில் ‘ஆமாம்’ என்பது கேட்டவருடைய கூற்றை ஒப்புக்கொள்ளும் சொல். ‘நீ சாப்பிடவில்லை அல்லவா?’ என்றால், ‘ஆமாம், நீ சொல்வது சரி, சாப்பிடவில்லை’ என்கிறோம். ஆங்கிலத்தில் ‘எஸ்’ கேட்டவருடைய கூற்றைப் பார்ப்பதில்லை. நடந்த செய்கையையே பார்க்கிறது. செய்கை நடந்திருந்தால் ‘எஸ்’, நடவாதிருந்தால் ‘நோ’. கேள்வி எப்படி வந்தாலும் அதற்குக் கவலையில்லை. நம்மைப்போலவே கூற்றைப் பார்த்து விடைசொல்லும் மொழிகள் உலகில் பல உண்டு. ஜப்பானியர் ‘ஹாய்’ என்பதும் நம் ‘ஆமாம்’ போன்றதே.

ஆங்கிலேயருங்கூட ஒரு காலத்தில் இந்தச் சங்கடத்தை உணர்ந்து நான்கு சொற்களை வைத்திருந்தனர். உடன்பாட்டுக் கேள்விக்கு விடை ‘யே’ அல்லது ‘நே’. எதிர்மறைக் கேள்விக்கு விடை ‘எஸ்’ அல்லது ‘நோ’. வில்லியம் டின்டேல் தம் பைபிள் மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாட்டைப் பிசகிவிட்டார் என்று தாமஸ் மோர் 1532இல் எழுதிய நூலொன்றில் கண்டித்திருக்கிறார். அப்போதே அந்த வேறுபாடு மங்கத் தொடங்கியிருந்தது. பின்னர் நான்கு இரண்டாகச் சுருங்கின. பிரெஞ்சு மொழியில் ‘ஸி’ என்றும், ஜெர்மன் மொழியில் ‘டோஹ்’ என்றும் எதிர்மறைக் கேள்வியை மறுப்பதற்குத் தனிச்சொல் இன்றும் இருக்கிறது. ஆங்கிலம் தன் பெட்டியிலிருந்து தொலைத்த சாவியைத்தான் நாம் தேடிக்கொண்டிருக்கிறோம்.

இனி அக்கேள்வியில் இருந்த மற்றொரு கண்ணியைக் காண்போம். ‘ஹாவன்ட்’ என்பது ‘ஹாவ் நாட்’ என்னும் இரு சொற்களின் சுருக்கம். ‘இல்லை’ என்னும் பொருள் முழுவதும் ‘ன்ட்’ என்ற வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுத்தில் அந்த வாலின்மீது ஒரு காற்புள்ளி தொங்கும். ‘நாட்’டில் இருந்த ஓர் எழுத்து உதிர்ந்த இடத்துக்கு அது அடையாளம். பேச்சிலோ அந்த அடையாளமும் இல்லை. செவி சற்று அயர்ந்தால் ‘வேண்டும்’ ‘வேண்டாம்’ ஆகிவிடும். ‘வேண்டாம்’ ‘வேண்டும்’ ஆகிவிடும்.

‘இது என்ன பாஷை! இல்லை என்பதை இப்படியா விழுங்குவது?’ என்று கோபிக்க வேண்டா. நாமும் விழுங்குகிறோம். ‘வரவில்லை’ என்று எழுதுகிறோம்; வீட்டில் ‘வரலே’ என்கிறோம். ‘இல்லை’ முழுவதும் ‘லே’யில் ஒடுங்கிவிடுகிறது. இலக்கியத் தமிழில் இதனினும் நுட்பம் உண்டு. ‘அறிவேன்’ என்றால் அறிவேன். ‘அறியேன்’ என்றால் அறியமாட்டேன். இரண்டுக்கும் இடையே ஒரே ஓர் எழுத்துத்தான் வேற்றுமை. ‘அறியேன்’ என்பதில் எதிர்மறை இடைநிலை புணர்ந்து கெட்டது என்று நம் இலக்கணிகள் விளக்குவர். கண்ணுக்குத் தெரியாத உறுப்பே ‘இல்லை’ என்று பேசுகிறது! இதனைப் படித்துப் பொருள் உணரும் நமக்கு ஆங்கில வாலின் ஓசை எட்டாததாக இருக்க நியாயமில்லை.

நம் இலக்கணம் புணர்ச்சி விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாக வகுத்தது. அக்கண்ணாடியை அணிந்து பார்த்தால் ஆங்கிலச் சுருக்கங்கள் எளிதில் விளங்கும். ‘டூ நாட்’ ‘டோன்ட்’ ஆனபோது எழுத்துக் கெட்டது. ஓசையும் சற்றுத் திரிந்தது. ‘வில் நாட்’ என்பது ‘வில்ன்ட்’ ஆகாமல் ‘வோன்ட்’ ஆனதேன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். பழைய ஆங்கிலப் பேச்சில் ‘வில்’ என்பதற்கு ‘வோல்’ என்று மற்றொரு வடிவமும் இருந்தது. அந்த ‘வோல்’ வழக்கொழிந்தும் ‘நாட்’டோடு சேர்ந்த இடத்தில் மட்டும் ஒட்டிப் பிழைத்துக்கொண்டது. சோழநாடு ‘சோணாடு’ ஆயிற்று. தஞ்சாவூர் ‘தஞ்சை’ ஆயிற்று. இவற்றை மரூஉ என்கிறோம். ‘வோன்ட்’டை ஆங்கிலத்து மரூஉ என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், மறக்கமாட்டார்கள்.

இச்சுருக்கங்களுள் மிகப் பொல்லாதது ‘கான்ட்’. இங்கிலாந்தினர் அதனை நெடிலாக ஒலிப்பதால் ‘கேன்’ என்பதிலிருந்து எளிதில் பிரித்துவிடலாம். அமெரிக்கரோ ‘கேன்ட்’ என்று கூறி இறுதி எழுத்தையும் பாதி விழுங்கிவிடுவர். அப்படியானால் அவர்கள் தமக்குள் எப்படி விளங்கிக்கொள்கிறார்கள்? அழுத்தத்தினால்! ‘வர முடியும்’ என்னும்போது ‘கேன்’ மெலிந்து ‘க்கன்’ என்று ஓடிவிடும். வினைச்சொல்லின் மேல் பாரம் விழும். ‘முடியாது’ என்னும்போது ‘கேன்ட்’ மேலேயே பாரம் நிற்கும். நாம் ஒவ்வொரு சொல்லையும் ஒரே நிறையில் நிறுத்து வைக்கிறோம். ‘ஐ கேன் கம்’ என்று ‘கேன்’னை நன்றாக அழுத்திச் சொன்னால், தொலைபேசியின் அப்பக்கத்தில் இருக்கும் அமெரிக்கர் ‘வர முடியாது’ என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ஹைடெக் சிட்டியில் இரவெல்லாம் கடல் கடந்த குரல்களோடு பேசி உழைக்கும் நம் பிள்ளைகளுக்கு இது நன்கு தெரிந்த தொல்லை.

இவ்வாராய்ச்சிக்கு நம் நகரமே ஒரு தாயகம் என்பது பலருக்குத் தெரியாது. தார்நாகாவில் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்துக்கு அருகே இருக்கிறதே ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகம், அது 1958இல் மத்திய ஆங்கில நிறுவனம் என்ற பெயருடன் தொடங்கப்பெற்றது. நாடெங்கும் உள்ள ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையைப் பயிற்றுவதே அதன் நோக்கம். 1972இல் அயல்மொழிகளும் சேர்ந்தன. 2007இல் அது மத்தியப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அங்கே பணியாற்றிய ஆர். கே. பன்சால், இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு விளங்குகிறது என்பதை ஆராய்ந்து 1969இல் நூலாக வெளியிட்டார். எழுத்துக்களின் உச்சரிப்போடு, அழுத்தம் இடம் மாறி விழுவதும் கேட்பவரை மயக்குகிறது என்பது இத்தகைய ஆராய்ச்சிகள் நமக்குத் தரும் பாடம். நாக்கைச் சுழற்றி வெள்ளைக்காரர் போல் பேச முயல்வதைவிட, பாரத்தை எங்கே வைப்பது என்று கற்பது பயனுள்ளது.

மற்றொரு கடிதத்துக்கும் இங்கே விடை கூறிவிடுகிறேன். ‘என் பேரன் என் ஆங்கிலத்தைக் கேட்டுச் சிரிக்கிறான். ஐ டூ நாட் நோ என்றால், தாத்தா புத்தகம் மாதிரி பேசுகிறார் என்கிறான்’ என்று ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, தங்கள் ஆங்கிலத்தில் பிழையில்லை. ரென், மார்ட்டின் இருவருடைய இலக்கணத்தை மனப்பாடம் செய்த தலைமுறை நம்முடையது. நமக்குக் கற்பித்தது எழுத்து ஆங்கிலம். தங்கள் பேரன் கற்றது பேச்சு ஆங்கிலம். ‘எனக்குத் தெரியவில்லை, பிள்ளாய்’ என்று செந்தமிழில் வீட்டுக்குள் ஒருவர் பேசினால் நாமும் புன்னகை செய்வோம் அல்லவா? அதுவே அவன் சிரிப்பின் காரணம்.

ஆயினும் இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பேச்சில் சுருக்கவேண்டியதைச் சுருக்காமல் விட்டால் ஆங்கிலத்தில் தொனி மாறிவிடும். ‘ஐ வோன்ட் பி கமிங் டுடே’ என்றால், ‘இன்று வருவதற்கில்லை’ என்னும் சாதாரணச் செய்தி. ‘ஐ வில் நாட் கம்’ என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னால், ‘வரவே மாட்டேன், ஆனதைப் பார்’ என்னும் பிடிவாதமாக ஒலிக்கும். நம் இளைஞர் ஒருவர் பணிவோடுதான் சொன்னார். மேலதிகாரி கடுமை என்று கொண்டார். இத்தகைய மனக்கசப்புகள் எத்தனையோ!

எழுதும்போது இது தலைகீழ். விண்ணப்பம், வங்கிக்குக் கடிதம், பள்ளிக்கு எழுதும் குறிப்பு ஆகியவற்றில் ‘டோன்ட்’, ‘கான்ட்’ எழுதாதீர்கள். முழு வடிவத்தையே எழுதுங்கள். ‘விடுமுறை வேணும்’ என்று நாம் விண்ணப்பம் எழுதுவதுண்டோ? பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று இரு வழக்குகளைத் தாய்ப்பாலோடு அருந்தியவர்கள் தமிழர்கள். இந்த வேறுபாட்டை உலகில் வேறெவரைக் காட்டிலும் நாம் எளிதில் உணரவேண்டும். ஆங்கிலப் பெரியோர்களும் இதில் சண்டையிட்டிருக்கிறார்கள். ஜானதன் ஸ்விப்ட் 1710இல் ‘டாட்லர்’ பத்திரிகையில் சொற்களைக் குறைத்து எழுதும் வழக்கத்தைக் கடிந்தார். பெர்னார்ட் ஷாவோ சுருக்கங்களைத் தாராளமாக எழுதினார். அவற்றுள் பலவற்றில் அந்த மேற்காற்புள்ளி எதற்கு என்று அதனையும் நீக்கிவிட்டார். பண்டிதர்கள் வாதாடினார்கள், மக்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

‘இல்லை’ சேராத சுருக்கங்களிலும் ஒன்றிரண்டு கண்ணிகள் உண்டு. ‘ஹீ’ஸ்’ என்பதில் உள்ள ‘ஸ்’, ‘இஸ்’ என்பதாகவும் இருக்கலாம், ‘ஹாஸ்’ என்பதாகவும் இருக்கலாம். பின்வரும் சொல்லைக் கொண்டே பொருள் துணிய வேண்டும். ‘ஹீ’ஸ் கோயிங்’ என்றால் போய்க்கொண்டிருக்கிறார். ‘ஹீ’ஸ் காட் ஃபீவர்’ என்றால் அவருக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது. ‘இட்ஸ்’ என்ற ஒலிக்குக் குறி இட்டால் ‘அது இருக்கிறது’, குறியில்லாவிட்டால் ‘அதனுடைய’. இவ்விடத்தில் ஆங்கிலம் பிறந்தநாள் முதல் பேசுவோரே நாள்தோறும் தவறுகிறார்கள். ‘குட்’வ்’ என்று சுருக்கிச் சொல்வதைச் செவிவழி மட்டும் அறிந்து ‘குட் ஆஃப்’ என்று எழுதும் ஆங்கிலேயரும் உண்டு. ஆகவே பிழை நேர்ந்தால் நாம் நாணிக் குறுக வேண்டியதில்லை.

‘ஐ’ட் லைக்’ என்பதில் உள்ள அந்த ஒற்றை ‘ட்’ மட்டும் நாம் அன்போடு பேண வேண்டியது. ‘ஐ வாண்ட் வாட்டர்’ என்றால் ‘தண்ணீர் வேண்டும்’. ‘ஐ’ட் லைக் சம் வாட்டர்’ என்றால் ‘கொஞ்சம் தண்ணீர் கிடைத்தால் நலம்’. ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற பிரிவு இல்லை. அந்த மரியாதையை அவர்கள் ‘வுட்’, ‘குட்’, ‘மே’ போன்ற துணைவினைகளில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். ‘வாங்க’ என்பதில் உள்ள ‘ங்க’வை விட்டுவிட்டால் நம் வீட்டில் எப்படி ஒலிக்கும்? அந்த ‘ட்’டை விட்டாலும் அப்படியே.

இறுதியாகச் சொல் தேர்வில் ஒன்று. ‘பணம் கட்ட வேண்டாம்’ என்று தமிழில் சொன்னால், ‘கட்டக்கூடாது’ என்றும் கொள்ளலாம், ‘கட்டவேண்டிய அவசியமில்லை’ என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் இவ்விரண்டும் வேறு. ‘மஸன்ட்’ என்றால் கூடாது. ‘நீடன்ட்’ என்றால் அவசியமில்லை. ‘இந்த மாத்திரையை இனிச் சாப்பிட வேண்டாம்’ என்று மொழிபெயர்த்துச் சொல்லும் மகனோ மருமகளோ, டாக்டர் விலக்கினாரா, விருப்பத்துக்கு விட்டாரா என்பதைத் தெளிவாகக் கேட்டறிந்து சொல்லவேண்டும்.

நம் நகரத்துக் கடைத்தெருவைப் பாருங்கள். ‘நக்கோ’ என்று ஒரு சொல் சொன்னால் தெலுங்கர், தமிழர், உருது பேசுவோர் அனைவருக்கும் விளங்குகிறது. வாலும் இல்லை, குறியும் இல்லை, ஐயமும் இல்லை. ஆங்கிலத்தில் அத்தகைய தெளிவை நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு வழி எளிது. உயிர், பணம், கையொப்பம் ஆகிய மூன்றும் சம்பந்தப்பட்ட இடத்தில் ‘எஸ்’, ‘நோ’ என்று மட்டும் விடைகூறாதீர்கள். முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். ‘ஐ ஹாவ் நாட் ஈட்டன்’ என்று அம்மையார் கூறியிருந்தால் எவரும் திரித்துக் கொண்டிருக்க முடியாது. அங்கே சுருக்காமல் சொல்வதே அழகு. கடுமையாக ஒலித்தாலும் குற்றமில்லை. கேள்வி விளங்காவிட்டால், அதனை எதிர்மறையின்றி மறுபடி கேட்கும்படி தயங்காமல் வேண்டுங்கள். இந்த நாட்டில் கேட்பவருக்கும் பெரும்பாலும் ஆங்கிலம் இரவல் மொழிதான். அவர் ‘எஸ்’ஸை எந்த வழக்கில் கொள்வார் என்று நாம் எப்படி அறிவோம்? முழு வாக்கியம் ஒன்றே இருவருக்கும் பொதுவானது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்று மாலையே இதை ஒரு விளையாட்டாக நடத்திப் பாருங்கள். பேரப்பிள்ளைகள் எதிர்மறைக் கேள்விகளைக் கேட்கட்டும். பாட்டி முழு வாக்கியத்தில் விடை சொல்லட்டும். பிறகு பாட்டி ‘அறிவேன்’, ‘அறியேன்’ என்று சொல்லி, எது உண்டு, எது இல்லை என்று கேட்கட்டும். யார் யாருக்கு ஆசிரியர் என்பது அப்போது விளங்கும்.

அந்த அம்மையாருக்கு மறுநாள் சிகிச்சை நல்லபடியாக நிறைவேறியது. மறுநாள் காலையில் அதே கேள்வி வந்தபோது, ‘நோ ஃபுட், நோ வாட்டர், நோ காபி’ என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினாராம். இலக்கணப் புத்தகத்தில் இவ்விடையைத் தேடினால் கிடைக்காது. ஆனால் இதைவிடத் தெளிவான ஆங்கிலத்தை நான் கற்பிக்க இயலாது.